கூட இருப்பவருக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரத்தப் புற்றுநோய் வந்து, ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்லை மாற்றும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்து, பிழைத்து வந்தவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வருகிறது. படம் போடுகிறீர்கள், டாக்டர்களைப் பாராட்டுகிறீர்கள், கஷ்டப்படும் குடும்பம் என்றால் வாசகர்களிடம் உதவியும் கேட்கிறீர்கள். அதனால் பல குடும்பங்கள் கரையேறியிருக்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சிகிச்சைக்குள் போனவரின் மனசு என்ன ஆகிறது, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளின் மனசு என்ன ஆகிறது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், வெட்டாமல் போட்டால் நன்றி.

நான் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். என் மனைவிக்கு அக்யூட் மைலாய்ட் லுக்கேமியா, வேகமாக முற்றும் ஒரு ரத்தப் புற்றுநோய். அவள் தம்பியின் ஸ்டெம் செல்லைத்தான் அவளுக்கு ஏற்றினார்கள். இன்று நடக்கிறாள், சமைக்கிறாள், பிள்ளைகளைத் திட்டுகிறாள். அரசாங்க ஆஸ்பத்திரியின் டாக்டர்களும், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ்களும் போட்ட உழைப்பு அது, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனைக்கு எப்படித் தேதி போட்டு அட்டையில் எழுதித் தருகிறார்களோ, அதே மாதிரி மனநல ஆலோசனைக்கும் தேதி போட்டுத் தர வேண்டும். நோயாளிக்கு ஒன்று, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்குத் தனியாக ஒன்று. நாங்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் நாங்கள் கேட்க மாட்டோம்.

ஏன் கேட்க மாட்டோம் என்று சுங்கை சிப்புட்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. தஞ்சோங் ரம்புத்தான் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. 1911-ல் அங்கே கட்டிய மனநல ஆஸ்பத்திரிதான் இப்போது உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரி. சின்ன வயதில் யாராவது கொஞ்சம் வித்தியாசமாக நடந்தாலே "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்று கிண்டல் செய்து வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து இன்று தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பேச்சு எங்கள் காதை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆம்பளை, அதுவும் ஷிப்டு வேலைக்காரன், கவுண்டரில் போய் "எனக்கு மனசு சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும்" என்று கேட்பானா?

இந்தச் சிகிச்சை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் கடுமையான கீமோ, சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுத்து, நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிடுவார்கள். அப்புறம் கொடையாளியின் செல்களை, ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஒரு பையிலிருந்து ஏற்றுவார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். அதற்கு அப்புறம்தான் எல்லாமே. புதுச் செல்கள் உடம்பில் நிலைகொள்ள இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதுவரை கிருமியோடு சண்டை போட வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. அதனால் தனி அறை, வடிகட்டிய காற்று, பூ கொண்டுபோகக் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது, வருகிறவர் கை கழுவி முகக்கவசம் போட்டுத்தான் உள்ளே போகலாம். வாய் முழுக்கப் புண் வந்து எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், முடி எல்லாம் கொட்டி, கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு அவள் அந்த அறையில் படுத்திருந்தாள். தம்பதியாக இத்தனை வருஷம் வாழ்ந்தவர்கள் நாங்கள், ஆனால் அந்த அறையில் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் முதல் நூறு நாள் கண்டம்தான். கொடையாளியின் செல்கள் நோயாளியின் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம். ஜி.வி.எச்.டி. என்று சொல்வார்கள், அது என் மனைவிக்கு வந்தது. அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும் மருந்து, ஆனால் அது தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தைக் கிளப்பும், காரணமே இல்லாமல் அழ வைக்கும், முகத்தை உப்ப வைத்து ஆளையே அடையாளம் தெரியாமல் ஆக்கும். எங்கள் வீட்டில் நடுராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியில் இருக்கும் பாத்திரத்தை எல்லாம் எடுத்துக் கழுவிக்கொண்டிருப்பாள். பெரிய மகள் எழுந்து போய்க் கேட்டால் அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கத்துவாள். அம்மா மாறிவிட்டாள், நம்மை வெறுக்கிறாள் என்று மகள் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். பல வாரம் கழித்து ஒரு மிஸ்ஸி போகிற போக்கில், "மருந்து குறைந்தால் இதுவும் குறையும் அண்ணா, அக்கா மேல் கோபப்படாதீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே எங்கள் நாலு பேரையும் உட்கார வைத்து யாராவது சொல்லியிருக்கலாமே! மருந்தின் பேர், அளவு, சாப்பிட வேண்டிய நேரம் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவர்கள் இதை எழுதிக் கொடுக்கவில்லை.

என் மச்சினனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கொடையாளியை எல்லாரும் மறந்துவிடுகிறோம். கூடப்பிறந்த ஒருவரின் செல் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். அவனுடையது பொருந்தியபோது எல்லாரும் அவனைத் தெய்வமாகக் கொண்டாடினோம். செல் பெருக ஊசி போட்டார்கள், எலும்பெல்லாம் குடைச்சல், ஒரு வார்த்தை முனகவில்லை. அப்புறம் அக்காவின் தோல் கறுத்து உரிய ஆரம்பித்ததும் அவன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். என்னுடைய ரத்தம்தான் அக்காவைத் தின்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். அதே செல்கள்தான் உடம்பில் ஒளிந்திருக்கும் மிச்சப் புற்றுச் செல்களையும் தேடிக் கொல்கின்றன, இந்தச் சிகிச்சையின் பலமே பாதி அங்கேதான் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் விளக்கவில்லை. இதையெல்லாம் தெளிவாகச் சொல்லி, பயத்தை வாய்விட்டுப் பேச வைப்பதும் மனநல சிகிச்சைதான். படுக்க வைத்து மாத்திரை கொடுப்பது மட்டும்தான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள்.

சரி, இது ஏதோ என் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட வேண்டாம். என் மகள் உட்கார்ந்து தேடிப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அமெரிக்காவில் 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாற்று சிகிச்சை முடிந்து வருஷங்கள் கடந்த நோயாளிகளையும் அவர்களின் கணவன் மனைவிகளையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள். நோயாளியை விட அவருடைய துணைதான் அதிகம் தனிமையில் இருந்தது தெரியவந்தது, மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான் குறைவு. படித்ததும் எனக்கு மூச்சு நின்ற மாதிரி இருந்தது. நோயாளியை "எப்படிம்மா இருக்கே" என்று ஊரே கேட்கும். என்னிடமும் அதையேதான் கேட்பார்கள், "வீட்டில் எப்படி இருக்காங்க?"

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 160 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு கூட, வலியையும் மனசையும் கவனிக்கிற பாலியேட்டிவ் குழு வாரத்துக்கு இரண்டு முறையாவது வந்து பார்த்தது. பாலியேட்டிவ் என்றாலே கடைசிக் காலம் என்று நம் ஊரில் பயப்படுகிறார்கள், இது அது இல்லை, குணமாக்கும் சிகிச்சை நடக்கும்போதே கூடவே நடப்பது. அப்படிப் பார்க்கப்பட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் மனச்சோர்வும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் குறைவாகவே இருந்தன. கூட இருந்தவர்களுக்கும் சோர்வு அவ்வளவு ஏறவில்லை. அப்புறம் 2020-ல் பார்த்துக்கொள்பவர்களுக்காகவே ஆறு அமர்வு கொண்ட ஒரு பயிற்சியை அங்கேயே சோதித்தார்கள், சிகிச்சைக்கு முன்பே தொடங்கி, நேரில் வர முடியாதவர்களுக்குத் தொலைபேசி வழியாகவும். அவர்களின் பாரம் குறைந்தது, பதற்றமும் சோர்வும் குறைந்தன. ஆறே ஆறு அமர்வு! இதற்குப் புது எந்திரம் வாங்க வேண்டியதில்லை, புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

அமர்வில் என்னதான் செய்வார்கள் என்று கேட்பீர்கள். மந்திரம் ஒன்றுமில்லை. எண்ணத்தையும் நடத்தையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தரும் சி.பி.டி. என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் "முடிந்துவிட்டது" என்று ஓர் எண்ணம் சட்டென்று வரும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்போம். ஆலோசகர் அந்த எண்ணத்தைத் தாளில் எழுதச் சொல்வார். உண்மையில் தெரிந்தது என்ன? காய்ச்சல் 38 டிகிரி. செய்ய வேண்டியது என்ன? தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுச் சொல்லிக் கிளம்ப வேண்டும். பை தயாராக இருக்கிறதா, வண்டி யாருடையது, சின்னவனை யார் வீட்டில் விடுவது? இப்படி ஒவ்வொன்றாக முன்கூட்டியே எழுதி வைத்தால் பயம் போய்விடாது, ஆனால் பயத்தோடு வண்டி ஓட்ட முடியும். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லித் தருவார்கள். இரவில் இரண்டு மணி நேரமாவது வேறொருவரைக் காவல் வைத்துவிட்டுத் தூங்கப் பழக்குவார்கள், அதில் குற்ற உணர்ச்சி வராமல் இருக்கவும் பழக்குவார்கள். இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம், எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

நோயாளிக்கோ வேறு விதமான பயம். ஆஸ்பத்திரியில் கைக்குத் தடவும் மருந்தின் வாடை பசாரில் எங்கோ அடித்தால்கூட என் மனைவிக்கு வாந்தி வரும். ரத்தப் பரிசோதனைக்கு முந்தின வாரம் முழுக்கச் சோறு இறங்காது, நோய் திரும்பிவிட்டதோ என்று. இதற்கும் பேசிச் சரிசெய்யும் முறை இருக்கிறது. 2010-ல் வந்த இன்னோர் ஆய்வில், மாற்று சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பத்து அமர்வு சி.பி.டி.யைத் தொலைபேசியிலேயே கொடுத்தார்கள், அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்தன. தொலைபேசியிலேயே! சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல், நம் நாட்டில் இந்தச் சிகிச்சை தரும் இடங்கள் பெரும்பாலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. 1987-ல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள், அப்போதிருந்து எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம், ஆனால் தோட்டப்புறத்துக் குடும்பம் இன்னும் விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்துத்தான் போகிறது. நாற்பது நிமிஷ ஆலோசனைக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு யாரும் வர மாட்டார்கள். போனில் கூப்பிட்டால் பேசுவார்கள்.

ஆனால் தமிழில் கூப்பிட வேண்டும். நாங்கள் போன இடத்தில் ஒரு கவுன்சிலர் வந்தார், நல்ல பெண், பொறுமையானவர், மலாயில் கேட்டார். என் மனைவியும் மலாய் நன்றாகப் பேசுவாள், பசாரில் பேரம் பேசுவாள், பள்ளி ஆசிரியரிடம் பேசுவாள். ஆனால் அன்று "ஓகே, பாயிக், தாக் அப்பா", அதாவது சரி, நல்லா இருக்கேன், ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாள். கீமோ கொடுத்ததில் மாதவிடாய் அந்த வயதிலேயே நின்றுபோனது, இன்னொரு பிள்ளை இனி இல்லை என்றானது, புருஷன் தன்னை இன்னும் மனைவியாகப் பார்க்கிறானா என்ற சந்தேகம், இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பெண் இன்னொரு தமிழ்ப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொன்னால்தான் உண்டு. என்னிடமே அவள் வெகுநாள் சொல்லவில்லை. பதிவு பெற்ற ஆலோசகர்களுக்கென்று 1998-லேயே சட்டம் வந்துவிட்டது, மருத்துவ உளவியலாளர்களையும் 2016-ன் துணை மருத்துவத் தொழில் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். தமிழ் பேசும் ஆலோசகர்களும் உளவியலாளர்களும் நாட்டில் இருக்கிறார்கள். எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி, அவர்களில் சிலரை இந்தச் சிகிச்சை பற்றிப் பயிற்றுவித்து, தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைபேசி வழியாக ஒதுக்கிக் கொடுக்க சுகாதார அமைச்சால் முடியாதா? படித்த நம் பிள்ளைகளில் உளவியல் எடுப்பவர்கள் குறைவு, எல்லாருக்கும் டாக்டர் ஆக வேண்டும். பெற்றோர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கிருமி தொற்றும் என்று டாக்டர் சொன்னதால் வீட்டுக்கு வந்தவர்களை நான் வாசலிலேயே நிறுத்தினேன், பலருக்குக் கோபம், இன்னும் பேசாதவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளையே திரும்ப முதலிலிருந்து போட வேண்டிய உடம்பு அது, கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிவரச் சொன்னால் எப்படி? வர முடிந்தவர்களில் சிலர் வாசலில் நின்றே "போன ஜென்மத்துப் பாவம்" என்றார்கள். யாரோ கொடுத்த மூலிகைச் சூரணத்தை நான் வாங்கி வைத்ததோடு சரி, டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கவில்லை, அவர் வேண்டவே வேண்டாம் என்றார். தூக்க மாத்திரையும் அப்படித்தான், ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர்கள் சாப்பிடும் மருந்துகளோடு பல மருந்துகள் மோதும், தானாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். உதவ வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு வேளைச் சோறு ஆக்கி வாசலில் வைத்துவிட்டுப் போங்கள், அந்த ஆளை அரை மணி நேரம் வெளியே கூட்டிக்கொண்டுபோய் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து நோயைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். என் ஷிப்டுக் கூட்டாளி ஒருவர் அதைச் செய்தார், மற்றவர்கள் கூப்பிட்டது பியர் கடைக்கு. தாதிமை பார்க்கும் ஆம்பளைகள் எங்கே போய் விழுகிறார்கள் என்பது ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

முதலாளிமார்களிடமும் கேட்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு ஏழு நாள் லீவு இருக்கிறது, நல்லது. வேலை நேரத்தை மாற்றிக் கேட்கவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆலையில் ஷிப்டு ஷிப்டுதான், மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? மனைவியை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டியவனுக்குத் தனியாக லீவு என்று ஒன்று இல்லை. இருக்கிற வருஷ லீவும் அவசர லீவும் தீர்ந்ததும் சம்பளம் வெட்டுதான், சம்பளம் வெட்டு ஏற ஏற ராத்திரித் தூக்கம் இன்னும் போகும். இதை நாடாளுமன்றத்தில் எழுப்பக்கூடிய நம் பிரதிநிதிகள் இந்தக் கடிதத்தைப் படித்தால் நல்லது.

எங்கள் ஊர் சுகாதார கிளினிக்கிலேயே மனநிலை பரிசோதிக்கும் கேள்வித்தாள் இருக்கிறது, மென்தாரி என்ற சமூக மனநல மையங்களையும் சுகாதார அமைச்சு பல இடங்களில் நடத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே ஊர் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதி, "இந்த நோயாளியையும் கூட இருப்பவரையும் இந்தத் தேதியில் பாருங்கள்" என்று இணைத்துவிட்டால் போதும். பத்துக்கு எவ்வளவு மனவேதனை என்று நோயாளியையே ஒரு கோட்டில் குறிக்கச் சொல்லும் எளிய அளவுகோலை உலகம் முழுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், நாலும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கோட்டைத் தமிழில் அச்சடித்து இரண்டு தாளாக, நோயாளிக்கு ஒன்று, கூட வந்தவருக்கு ஒன்று என்று கொடுக்க எத்தனை காசு ஆகும்?

அதுவரை, இப்போதே இந்த நிலையில் இருக்கிறவர்களுக்கு. மனசு சரியில்லாதவர்கள் கூப்பிட சுகாதார அமைச்சு வைத்திருக்கும் ஹீல் லைன் எண் 15555. மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃபிரெண்டர்ஸ் 03-76272929. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள், பிஃபிரெண்டர்ஸில் பேரும் சொல்ல வேண்டாம். அடுத்த கிளினிக் தேதிக்குப் போகும்போது கவுண்டரில் இதைச் சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள், நான் மலாயில் மனப்பாடம் செய்துகொண்டுபோய்ச் சொன்னதுதான்: "சாயா பென்ஜாகா பெசாகிட். சாயா செண்டிரி நாக் ஜும்பா கவுன்செலர்." நான் நோயாளியைப் பார்த்துக்கொள்பவன், எனக்கே கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், பரவாயில்லை, தேதி போட்டுத் தருவார்.

இப்படிக்கு,
செம்பனை ஆலைத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.